திங்கட்கிழமையிலிருந்து நர்சரி

— தட்ட இங்கிட்டுக் குடுங்க மயிலக்கா. எம்பிள்ளைக்கு நான் ஊட்டிக்கிறேன்.

— ஊட்டு அம்முணி, வேண்டாங்கறனா? ரசம் ஊத்தி நல்லாப் பெசஞ்சு குடு. கட்டியாக் குடுத்தாத் துப்பிப்போடுவா.

— பத்து மாசம் சுமந்தவளுக்குச் சோறு பெசையத் தெரியாதா. தர்ஷினி, ஆ காட்டு. அம்மாடா. இங்கிட்டுப் பாரு. எதுக்கு அவுக மூஞ்சியவே பாக்குற? அவுக சொன்னாத்தான் வாயத் தொறப்பியா?

— பசி இருக்காது. சித்த நேரம் உடு. அது கெடக்கட்டும், ஏனு நாகஜோதி, இன்னைக்குப் பொழுதோட வந்துட்ட? பனியன் கம்பெனியில சரக்கு அனுப்பற ஷிப்மென்ட்டுன்னியே.

— மத்தியானமே கரண்டு போச்சு. ஜெனரேட்டரும் ரிப்பேரு. ஓவர்லாக் தையல் மிஷினு அம்புட்டும் நின்னுபோச்சு. நாளைக்கு வாங்கன்னு சூப்பர்வைசர் அனுப்பிட்டாரு. வார வழியில நர்சரிக்குப் போயி ஃபாரம் வாங்கியாந்துட்டேன்.

— ஆருக்கு நர்சரி?

— தர்ஷினிக்குத்தான். வேலம்பாளையம் மெயின் ரோட்டுல புதுசா ஒண்ணு வந்திருக்கு. திங்கக்கெழமையில இருந்து அங்க விட்டுரப் போறேன். காலைல எட்டுக்கு விட்டா ராத்திரி எட்டு வரைக்கும் அவுகளே வச்சுப் பாத்துக்கிறாகளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையப் பகல் பூராம் பாக்குற சிரமம் உங்களுக்கும் இல்ல.

— சிரமமுன்னு நா எப்பச் சொன்னேன்? ரெண்டரை வயசுதான் ஆகுது. எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. வயித்த வலிச்சாலும் காதத்தான் புடிச்சுக்கிட்டு அழுவா. அது அவிங்களுக்குத் தெரியுமா?

— பழகிக்கிருவாக. செவுரு பூராம் யானை, ஒட்டகச்சிவிங்கின்னு படம் வரைஞ்சிருக்கு. சறுக்கு இருக்கு. ஏ பி சி டி சொல்லிக் குடுக்குறாக.

— அதையுந்தான் நா சொல்லித் தரலாமுன்னு பாத்தேன். எனக்கே ஏ-க்கு அக்கட்டப் பி சி வர்றதில்ல. செரி, மிஸ்ஸு எத்தன பேரு?

— ஒரு மிஸ்ஸு. ஒரு ஆயா.

— கொழந்தைங்க?

— முப்பது இருக்கும்.

— முப்பதுக்கு ஒருத்தியா. அப்ப இவ அழுதா ஆரு தூக்குவா?

— யாரும் தூக்க வேண்டாம்.

— என்ன பேச்சு அம்முணி இது?

— யாரும் தூக்க வேண்டாம்னுதான் அங்க விடுறேன். முப்பது பிள்ளைக்கு ஒரு மிஸ்ஸுன்னா, அவுக மேல எம்பிள்ளை ஒட்டாது. எப்படா அம்மா வருவான்னு வாசலப் பாத்துக்கிட்டே நிக்கும். எனக்கு அதுதான் வேணும். இங்க என்னைக்காச்சும் வாசலப் பாத்திருக்காளா? சத்தியமாச் சொல்லுங்க.

— பாக்காம என்ன. வண்டிச் சத்தம் கேட்டாப் பாப்பா.

— வண்டிக்குப் பாப்பா. எனக்குப் பாக்க மாட்டா. நேத்து வந்து தூக்குறேன், தூக்கத்துல உங்க சீலைய இறுக்கிப் புடிச்சிருக்கா. ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். வீட்டுல கொண்டு போய்ப் போட்டா, நடுவுல மயிலும்மா மயிலும்மான்னு பொலம்புறா. பக்கத்துல நான் ஒருத்தி படுத்திருக்கேன்.

— கொழந்த பேச்சுக்குப் போயி மனசக் கெடுத்துக்குவியா.

— கெட்டுத்தான் போச்சு. காலைல தூங்குறவளத் தோள்ல போட்டுக் கொண்டாந்து விடுறேன். ராத்திரி தூங்குறவளத் தோள்ல போட்டுக் கொண்டு போறேன். போன ரெண்டு ஞாயித்துக்கெழமையும் ஷிப்மென்ட்டுல போச்சு. அவ பேசுறதும் சிரிக்கிறதும் உங்களுக்கு. தூங்குறது மட்டும் எனக்கா? எனக்கு வயிறு எரியுதுக்கா. இத மறைச்சு என்ன ஆகப்போகுது.

— கொழந்தைக்கு நாலு பேரப் புடிச்சா நல்லதுதானே.

— நாலு பேரப் புடிக்கட்டும். மொதல்ல என்னயப் புடிக்கணும்ல.

— செரி, நீ சொன்ன, நானும் சொல்லிப்போடறேன். லீவு நாள்ல உன்ற ஊட்டுக் கதவச் சாத்திக்கிட்டு நீயும் அவளும் சிரிப்பீங்க பாரு, அன்னைக்கு எனக்குக் கை கால் ஓடாது. என்ற ஊட்டுக்காரரு சோத்துக்கு உக்காந்திருப்பாரு, நா இந்தச் செவுத்துல காத வெச்சுக்கிட்டு நிப்பேன். எரியறது உனக்கு மட்டுமில்ல.

— பாத்தீகளா. நீங்களே ஒத்துக்கிட்டீக. அப்ப நர்சரிதான். நீங்க அழுதாலும் நர்சரிதான். வா பாப்பா, சோறு வேண்டாம்னா போ, அம்மா தலை வாரி விடுறேன். ரப்பர் பேண்ட இம்புட்டு இறுக்கியா போடுவாக? இந்தா, அவுத்தாச்சு. இப்ப... அக்கா.

— ஏனுங் கண்ணு.

— முன்முடி எங்க?

— அது வந்து அம்முணி...

— மூக்கு வரைக்கும் தொங்குமே. ஒட்ட வெட்டியிருக்கு. யாரு வெட்டுனது?

— நாந்தான். கண்ணுக்குள்ள குத்திக் குத்திக் கண்ணு செவந்து தண்ணியா ஊத்துச்சு. பாக்கச் சகிக்கல. கத்தரியில கொஞ்சமா எடுத்துட்டேன்.

— அய்யோ அக்கா, இது எங்க அய்யனாருக்கு நேந்த முடி. ரெண்டு கலைஞ்சு மூணாவதாத் தங்குனவ இவ. மூணு வயசுல மாமன் மடியில உக்கார வச்சு மொத முடி எடுக்கணும். அது வரைக்கும் கத்தரி படக் கூடாது. வர்ற பங்குனிக்குன்னு எங்கண்ணன் கெடாக்குட்டி வாங்கி வளத்துக்கிட்டிருக்கான்.

— எனக்குத் தெரியாதே சாமி. எங்கூர்ல வருசம் திரும்பறதுக்குள்ள மொட்டை அடிச்சுப்போடுவோம். உங்க பக்கமும் எப்பவோ அடிச்சிருப்பீங்க, இது பொறவு வளந்த முடின்னு நெனச்சுப்போட்டேன். உன்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். தப்பு என்ற மேலதான்.

— இதுக்குத்தான் சொல்றேன். நர்சரியில கேக்காம ஒரு நகத்தக்கூட வெட்ட மாட்டாக. பிள்ளை தலையில ஒரு முடி கொறஞ்சாலும் பெத்தவளுக்குத்தான் தெரியும். வச்சுப் பாக்குறவுகளுக்கு என்ன தெரியும்? கண்ணுல விழுந்தா கத்தரிய எடுத்துருவாக.

— பேசு அம்முணி. நீ எவ்வளவு பேசுனாலும் தகும்.

— சரி, அழுவாதீக. அந்த முடியக் குடுங்க. மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சு, பங்குனியில எடுக்குற முடியோட சேத்துப் போட்டுக்கலாம். சாமி மன்னிச்சுக்கிரும். எங்க வச்சிருக்கீக?

— குப்பக்கூடையில போட்டேன்.

— கூடை காலியா இருக்கு.

— வண்டியில கொட்டியாச்சு.

— குப்ப வண்டி திங்கக்கெழம திங்கக்கெழமதானக்கா வரும்? இன்னைக்கு வெள்ளி. இன்னைக்கு வெட்டுன முடி எந்த வண்டியில போச்சு? குடுக்க மனசில்லாம நீங்களே எடுத்து ஒளிச்சு வச்சுக்கிட்டீகளா?

— அட, இல்ல கண்ணு. இத்தோட உடு.

— விட மாட்டேன். காலைல எம்பிள்ளைய முழு முடியோட உங்க கையில குடுத்துட்டுப் போனேன். அது எங்க?

— காலைல நீ குடுக்கறபோதே அந்த முடி இல்ல, அம்முணி. வெட்டி இன்னையோட பன்னெண்டு நாளாச்சு.