கண்ணாடி மாதிரி தண்ணி

வேண்டாம் மேடம், இந்தக் கசேரையிலேயே இருந்துக்கிடுதேன். ஒங்க அம்மைக்கு என்னைப் பாத்ததும் கேஸ் கொண்டுவந்த ஆளுன்னு தோணிட்டு. காலி சிலிண்டர வாசல் வரைக்கும் உருட்டிக்கிட்டு வந்துட்டாங்க. நானும் வாங்கி ஓரமா வெச்சேன், பின்னே என்ன செய்ய. அப்புறந்தான் சொன்னேன், அம்மா, நான் சத்தியதாஸ், பொன்முடிப் பக்கம் எஸ்டேட்டு மண் அணைக்கு வாட்சருன்னு. எந்த அணைன்னு கேட்டாங்க. ஒடைஞ்சுதே, அதுன்னேன். ஒங்க அம்மை மொகம் ஒரு மாதிரி ஆயிட்டு. ஒங்களை சஸ்பெண்டு பண்ண வெச்ச அணையில்லியா.

ஆமா, விசாரணை திங்கக்கிழமை பதினோரு மணிக்கு. எனக்கும் கடிதம் வந்திச்சு. சாட்சின்னு போட்டிருக்கு.

நீங்க அங்க வரவே இல்லன்னா சொல்லுதாங்க? இங்க ஆபீசுல ஃபேனுக்குக் கீழ இருந்துக்கிட்டே அணை பத்திரம்னு எழுதிக் கையெழுத்து போட்டீங்கன்னு? நல்ல கதை. மேடம், நீங்க வந்த அன்னைக்கு மழை. வழியில அட்டை கடிச்சு ரெண்டு காலும் ரத்தம். நாந்தானே உப்பு தந்தேன். வராத ஆளை எப்படி மேடம் அட்டை கடிக்கும்? திங்கக்கிழமை இதத்தான் மொதல்ல கேப்பேன்.

அணைக்கு மேல ரெண்டு தடவ நடந்தீங்க. எலிப்பொந்துல கம்ப விட்டுப் பாத்தீங்க. கரையில நின்ன ரெண்டு செடிய வெட்டச் சொன்னீங்க, வேரு மண்ண எளக்கும்னு. அன்னைக்கே வெட்டிட்டேன். பொறவு எறங்கி அணைக்குக் கீழ உள்ள பைப்புக்கு வந்தீங்க. அணைக்கு அடியில கசியுற தண்ணியத்தானே நாங்க கீழ உள்ள முப்பத்தொம்பது வீட்டுக்கும் குடிக்கக் குடுக்கோம். மேல கெடக்கிறது மாடு குளிக்கிற தண்ணி. கசிஞ்சு வாறது மண்ணுல அரிச்சு வாறது, அதுக்கொரு ருசி உண்டும்.

கிளாசுல புடிச்சு வானத்துக்கு நேரா தூக்கிப் பாத்தீங்க. ஒரு மடக்கு குடிச்சீங்க. கரமனையில எங்க வீட்டுப் பைப்புல கூட இப்படி வராதுன்னீங்க. ஓர்மை இருக்கா? எனக்கு நல்லா இருக்கு. அதையும் சொல்லுவேன். தண்ணி தெளிஞ்சுதான் இருந்திச்சு, பைபிள்ல கைவெச்சுச் சொல்லுவேன்.

செல்லபாயா? கீழ மொத வீடு அவளோடதுதான். மெடிக்கல் காலேஜுல கெடக்கா. முட்டுக்குக் கீழ காலை எடுத்துட்டாங்க. அணை ஒடைஞ்ச அன்னைக்குப் பள்ளிக்கூடம் தொறந்த நாளு, பிள்ளைங்க எல்லாம் போயிட்டுதுங்க. இல்லன்னா நான் இப்ப ஒங்க மின்னால இருக்கமாட்டேன். நேத்து பாக்கப் போனேன். திட்டுவான்னு நெனச்சுத்தான் போனேன். திட்டியிருந்தா தேவல. பக்கத்துப் பெட்டுக்காரிகிட்ட என்னைக் காட்டி, இந்த அண்ணன்தான் எங்களுக்குக் கண்ணாடி மாதிரி தண்ணி தந்தவருன்னு சொல்லுதா. நான் கொண்டுபோன ஆரஞ்சை உரிச்சு எனக்கே தாறா.

அது என்ன கதைன்னா, மார்ச்சு மாசம் தண்ணி கலங்கிச்சு மேடம்.

இல்ல, கொஞ்சம் இருங்க. சொல்லுதேன்.

செவப்பா வந்திச்சு. செல்லபாய் கொடத்தோட வந்து ஒரே சண்டை. சோறு செவந்து போச்சு, மாப்பிள்ளையோட வெள்ளைச் சட்டை காவியாயிட்டு, சர்ச்சுல எல்லாரும் சாமியாராப் போறியான்னு கேக்காங்கன்னு. நான் பத்து பாஸானது ராத்திரிப் பள்ளிக்கூடத்துல, நாப்பத்தோரு வயசுல. ஜெயகுமார் சார்தான் சயின்ஸ். வாளியில சரளு, அதுக்கு மேல மணலு, மேல கரி, மேல துணி. ஓடைத்தண்ணிய ஊத்தி எளநி மாதிரி எடுத்துக் காட்டுவாரு. பரீட்சைக்கும் அதே கேள்வி, பத்துக்குப் பத்து எனக்கு. படிச்சதுல எனக்கு உபயோகப்பட்டது அது ஒண்ணுதான். பைப்புக்கு மேல சிலாப்பு போட்டு மூடின சின்ன தொட்டி இருக்கில்லியா, அதுக்குள்ள அதே மாதிரி தண்ணி வடியுறதுக்கு ஒரு அரிப்பு கட்டினேன். சாக்குல மணலு, கரி, மேல என் ரெட்டை வேட்டி. சாயங்காலமே தண்ணி தெளிஞ்சிட்டு. செல்லபாய் கொழுக்கட்டை கொண்டுவந்து தந்தா.

அந்த சிலாப்ப நீங்க தொறக்கச் சொல்லல. சொல்லியிருந்தா தொறந்திருப்பேன்.

தெரியாது மேடம். மார்ச்சுல எனக்குத் தெரியாது. கலங்கின தண்ணி வந்தா அணை உள்ளுக்குள்ள கரையுதுன்னு ஜெயகுமார் சார் சொல்லித் தரல. நீங்கதான் சொன்னீங்க. கிளாச கீழ வெச்சிட்டுச் சொன்னீங்க. தெளிவா வாறது வரைக்கும் பயமில்ல, கலங்கிச்சுன்னா அன்னைக்கே என்னைக் கூப்பிடணும், கீழ உள்ளவங்களை மாத்தணும்னு. நம்பரு எழுதித் தந்தீங்க. பொறவு கேட்டீங்க, எப்பவாவது கலங்கியிருக்கா சத்தியதாஸ்னு.

இல்ல மேடம்னு சொன்னேன்.

ஏன்னா என்னத்தச் சொல்ல. இருவத்திமூணு வருசமா வாற ஆபீசருங்க எல்லாரும் அணையத்தான் பாப்பாங்க, பாட்டில் தண்ணிய குடிச்சிட்டுப் போவாங்க. நீங்க ஒரு ஆளுதான் நான் தாற தண்ணிய வாங்கிக் குடிச்சு, நல்லாயிருக்குன்னு சொன்னது. அந்த வாயி இன்னும் ஈரங்காயல, அதுக்குள்ள எப்படிச் சொல்ல, அது வேட்டியில அரிச்ச தண்ணின்னு. நாளைக்கு ஃபோன்ல சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு, நாளைக்குன்னு பதினோரு நாளு, அதுக்குள்ள ஒடைஞ்சிட்டு.

திங்கக்கிழமை எல்லாத்தையும் சொல்லுவேன். அங்க அத்தனை பேருக்கு முன்னால நீங்க மொதத்தடவையா இத கேக்கக் கூடாது, அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன்.

நீங்க வாறீங்கன்னு அன்னைக்குக் காலையில அரிப்ப அவுத்துப் புதுசா கட்டினேன் மேடம். ஆபீசரு வாறப்போ வீடு கூட்டுறது மாதிரி. பழைய சாக்க ஒதறினா ஒரு வாளி செம்மண்ணு. ஒரு பொடிக்கல்லு கெடையாது, மாவு மாதிரி. கொட்ட மனசு வரல. கத்தரிச் செடிக்குப் போட்டேன். நல்லா காய்க்குது.