மணியின் இடது கண்

நாய்க்குக் கண்மருந்து விடுவதென்றால் அதன் பின்பக்கமாக இருந்துதான் விடவேண்டும். கை முன்னாலிருந்து வருவதைக் கண்டால் எவ்வளவு சாதுவான நாயும் தலையைத் திருப்பிவிடும். மிருக வைத்தியசாலையில் மருந்து கலப்பவனாக இருந்து நான் பழகிக்கொண்டது இது.

ஐயா, காணாமற்போனவர்களைப் பற்றிய இந்த விசாரணையில், ஆனந்தராசாவைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். என் அறிவுக்கு எட்டியவரை யாருமில்லை. அவன் அன்றைக்குத் திருகோணமலையில் இருந்திருக்கவே கூடாது. ஏன் இருந்தான் என்பதை நான் சொல்லலாம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் துறைமுகத்தை அண்டிய எங்கள் வீதி வெறிச்சோடிப் போனது. மிருக வைத்தியர் கொழும்புக்குப் போய்விட்டார். பூட்டிய வைத்தியசாலையின் திறப்பு என்னிடம் இருந்தது. வீதியில் எஞ்சியவர்களில் நான் பேசிப் பழகியது கமலேஸ்வரி ரீச்சரோடும் அவளுடைய தம்பி ஆனந்தராசாவோடும்தான். தாய் தகப்பன் இல்லாதவர்கள். அவளுடைய அலுமாரி நிறைய மொழிபெயர்ப்பு நாவல்கள். இரவல் வாங்கிப் படித்துவிட்டுப் பின்னேரங்களில் போய்க் கதைத்துக்கொண்டிருப்பேன். பனி பெய்யும் ஊர்களின் மனிதர்களைப் பற்றி, அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிப் போலக் கதைப்போம். அவள் என்னைச் சோமண்ணை என்றுதான் கூப்பிடுவாள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

கடைகள் எரிந்த வாரம் காற்றெல்லாம் சாம்பல். ஆனந்தராசாவின் நாய் மணிக்கு இடது கண் வீங்கிச் சீழ் கட்டியது. கொதித்தாறிய உப்புத் தண்ணீரால் கழுவிக் களிம்பு போட்டேன். சில நாளில் சீழ் வற்றியது. எனக்கு வேலை தெரியாது என்று நீங்கள் நினைக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்போதுதான் கிண்ணியாவிலிருந்து வான் ஓட்டும் அலியார் நானா வந்தார். கொழும்புக்குப் போக ஆமி கொடுத்த பாஸ் அவரிடம் இருந்தது. அக்காவையும் தம்பியையும் கூட்டிப்போக அவர்களுடைய சித்தப்பா ஒழுங்கு செய்து அனுப்பியிருந்தார்.

"மணி இல்லாமல் நான் வரமாட்டன். அக்கா, நீங்கள் போங்கோ" என்றான் ஆனந்தராசா.

"உன்னை விட்டிட்டுப் போறதெண்டால் நான் ஏன் போறன்? இளந்தாரிப் பெடியன்களைத்தான் ஆமி பிடிக்குது, நீதானே போகவேணும்."

அலியார் நானா தலையைச் சொறிந்தார். "நாயெண்டா எங்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான். பரவாயில்ல தங்கச்சி, பின்னால சாக்கு விரிச்சு ஏத்துங்க. உசிர விடவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இந்தப் புழுதியிலை கொண்டுபோனால் கண் வெடிச்சுப்போம்" என்றேன். "ஒரு கிழமை பொறுங்கோ."

கொண்டுபோயிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது.

"அப்ப உங்களிட்டை விட்டிட்டுப் போகட்டே, சோமண்ணை?" என்று அவள் கேட்டாள்.

ஆனந்தராசா சிரித்தான். "இவரிட்டை விட்டால் சோறு போட மறந்து நாவல் வாசிச்சுக் காட்டுவார்."

நானும் சிரித்தேன். பிறகு, நாய் தம்பியைத் தேடி அறுத்துக்கொண்டு ஓடும், வெளியே ஆமிக்காரர் சுட்டுவிடுவார்கள் என்றேன். அவள் திரும்பக் கேட்கவில்லை.

சாம்பலோடு வந்த துகள் ஏதோ கருவிழியில் ஒரு சிறு கீறலைப் போட்டிருந்தது. அதே களிம்பைத் தொடர்ந்திருந்தால் அதுவும் ஆறியிருக்கும். நான் மருந்தை மாற்றினேன். வீக்கத்தை அடக்கும் சொட்டுமருந்து ஒன்று இருக்கிறது. கீறல் உள்ள கண்ணுக்கு அதை விடவே கூடாது. சிவப்பு உடனே போய்விடும், அடியில் கீறல் ஆழமாகிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்களுக்குச் சுகமாவதுபோல் தெரியும், சுகமாகாது. எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான். அவர்கள் போகாமல் ஒரு வாரம், பிறகு இன்னொரு வாரம்.

மணிக்கு நொந்திருக்கும். ஆனாலும் என்னைக் கண்டால் வாலாட்டும்.

அலியார் நானா அடுத்த முறை வந்தபோது கண் பால்போல் வெளுத்திருந்தது. ஆனந்தராசா நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முற்றத்தில் இருந்தான். கமலேஸ்வரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஆறுதல் சொன்னேன். வான் வெறுமையாகத் திரும்பியது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. பாதை பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆமியின் சுற்றிவளைப்பு ஒரு காலையில் நடந்தது. ஆண்கள் எல்லோரையும் மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். வரிசையில் ஆனந்தராசா எனக்கு முன்னால் நின்றான்.

"சோமண்ணை, நான் வரப் பிந்தினால் மணிக்கு மருந்து விட்டிடுங்கோ."

"ஓம்" என்றேன்.

அவனை லொறியில் ஏற்றினார்கள். என்னுடைய அரசாங்க அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்கள்.

சொன்னபடியே அன்று பின்னேரம் போய் மருந்து விட்டேன். அதே சொட்டுமருந்தைத்தான். அவள் இனி ஊரைவிட்டுப் போகமாட்டாள் என்று அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

கண் போய்விட்டது. கமலேஸ்வரி போகவில்லை. தம்பி வந்தால் வீடு திறந்திருக்கவேண்டும் என்கிறாள். சித்தப்பா இரண்டு தரம் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். முகாம் முகாமாக அவள் அலைந்தபோதெல்லாம் நான்தான் கூடப் போனேன். எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். இப்போதும் பின்னேரங்களில் போகிறேன். தேத்தண்ணி தருவாள். நாவல்களைப் பற்றி அவள் கதைப்பதில்லை. நான் கதைப்பேன்.

நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான், ஐயா. எங்கே கையெழுத்து வைக்கவேண்டுமென்றாலும் வைக்கிறேன். இதை அவளுக்கு மட்டும் அறிவிக்கவேண்டாம். என்னை நினைத்துக் கேட்கவில்லை. தம்பியும் இல்லாத வீட்டில் அவளுக்கு ஓர் ஆண் துணை வேண்டாமா?