ரோமர் வீட்டு வாசல்படி

எழுபதுகளில் ஒருநாள், மெல்பேர்ண் ட்ராமில் என் முன்னிருக்கையில் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள். ஒருத்தி, விடுமுறைக்கு இங்கிலாந்து போய்வந்த தாதி.

“ரோமன்காரர் இருந்த வீடாம். வயலுக்க அத்திவாரம் மட்டும் கிடக்கு. நான் சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போனனான்.”

“கூரையில்லாத வீட்டுக்கோ?”

“வாசல்படி இருந்ததே. காவல்காரன் பாத்துச் சிரிச்சான்.”

“நானெண்டாலும் சிரிச்சிருப்பன்.”

“இஞ்ச வந்து அஞ்சு வருசம். ஒருத்தரும் என்னை வீட்டுக்குக் கூப்பிடேல்லை. சப்பாத்துக் கழட்டினது அந்த ஒரு வீட்டு வாசலிலதான்.”

மற்றவள் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தாள்.

“ஒருநாளைக்கு எங்கட வீட்டுக்கு வாங்கோ, என்ன?”

“ஓம், வாறன்.”

ட்ராம் நின்றது. அவள் இறங்கிப் போனாள். விலாசம் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.