பஸ் ஏறிய மைல்கல்

ஐம்பதுகளில் ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். குந்தாரப்பள்ளியில் ஒரு புருஷனும் பெண்சாதியும் கனத்த சாக்கு மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஏறி, சூளகிரிக்கு டிக்கெட் கேட்டார்கள்.

"மூட்டையில என்னாம்மா?" என்றார் கண்டக்டர்.

"எங்க சாமி," என்றாள் அந்த அம்மாள்.

அவர் சாக்கை விலக்கிப் பார்த்தார். மஞ்சளும் குங்குமமும் அப்பிய மைல்கல்.

"சர்க்கார் கல்லாச்சே! எறக்கும்மா, என் வேலை போயிடும்."

"பெங்களூர் ரோட்டை அகலம் பண்றவங்க புடுங்கிப் பள்ளத்துல போட்டுட்டாங்க, சாமி. எங்கம்மா சந்தைக்குப் போறப்ப இந்தக் கல்லுப் பக்கத்துலதான் என்னைப் பெத்தா. அப்பலேர்ந்து எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு மொத மொட்டை இந்தக் கல்லு முன்னாலதான். வெள்ளிக்கெழமை பேரனுக்கு அடிக்கணும். கல்லு இல்லாம எங்க போவேன்?"

"கிருஷ்ணகிரி அஞ்சு மைலுன்னு எழுதியிருக்கே. சூளகிரியில நட்டா, பாக்கறவன் நம்பி நடந்துட மாட்டானா?"

புருஷன் சொன்னார்: "எழுத்தை எங்க வூட்டுச் செவுத்துப் பக்கமாத் திருப்பி நட்டுடறோமுங்க."

பஸ்ஸே சிரித்தது. அவர்கள் மூட்டையைச் சீட்டுக்கு அடியில் தள்ளப் போனார்கள்.

"அங்க வேணாம், கால் படும்," என்றார் கண்டக்டர். "டிரைவர் பக்கத்துல வைங்க."