நான்கு நிற விளக்குகளைக் காத்த போர்டு அக்காவுக்கு

நான்கு தளங்களுக்கும் நாவாகி நின்ற நல்லவரே! செவிக்குள் வந்த செய்தியைச் சிந்தைக்குள்ளேயே பூட்டிவைத்த சீரியவரே! இரண்டு நாற்காலி கொள்ளாத, மாடிப்படிக்குக் கீழுள்ள அறையில் தொலைபேசி போர்டின் முன் அமர்ந்து, முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தக் கட்டடத்தையே பேசவைத்த எங்கள் போர்டு அக்காவே! வணக்கம்.

இம்மடலை எழுதும் வேலையை, முதல் தள வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சரான என் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கு எழுதிப் பழகிய கைக்கு வாழ்த்து எழுத வரவில்லை. பொறுத்தருள்க.

ஒரே தொலைபேசிப் பலகை. அதில் குடியிருந்ததோ நான்கு நிறுவனங்கள். பல் மருத்துவமனைக்கு வெள்ளை விளக்கு, எங்களுக்கு மஞ்சள், இரண்டாம் தளக் காகித வியாபாரத்துக்குப் பச்சை, மூன்றாம் தள அச்சகத்துக்கு நீலம். எந்த விளக்கு எரிகிறதோ அந்த நிறுவனத்தின் ஊழியராகவே மாறிப் பேசுவீர்களே, அது என்ன மாயம்! பல்வலிக்காரரிடம் பஞ்சாய்ப் பேசிய அதே வாய், அடுத்த நொடியில் எங்கள் கட்சிக்காரரிடம் கறாராய்ப் பேசும்.

மதியத்தில் கட்டடம் கண்ணயரும். மின்விசிறி மட்டும் சுற்றும். அரைத்தூக்கத்தில் இருக்கும் எங்களுக்குப் படியேறி வரும் உங்கள் குரல் கனவா நனவா என்றே தெரியாது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்வரை, அந்தக் குரலை வைத்து நீங்கள் நல்ல உயரம் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்தபோது பார்த்தால் என் தோளுக்குக் கீழே நின்றீர்கள்!

ஒரு தளத்தின் பேச்சு இன்னொரு தளத்துக்குப் போகக்கூடாது, ஒரு தளத்தின் லைனை இன்னொரு தளத்தோடு இணைக்கவும் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. காகித வியாபாரி அண்ணன், அச்சக முதலாளி தம்பி. கூடப்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை அற்றுப்போய்த் தலைக்குமேல் ஒருவரும் காலடியில் ஒருவருமாக இருந்ததால், அந்த விதி இன்னும் இறுகியிருந்தது. அதை ஒரே ஒருமுறை மீறினீர்கள். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவர்களின் தாயார் அழைத்து, "ரெண்டு பேரு குரலையும் ஒண்ணாக் கேக்கணும்மா, கொஞ்சம் லைன் போட்டுக் குடு" என்றார். இருவரையும் இணைத்துக் கொடுத்தீர்கள். தாயார் பேசி முடித்து ரிசீவரை வைத்துவிட்டார். நீங்களோ அண்ணன் தம்பி லைனைப் பிரிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை அண்ணனின் புகார்க் கடிதமே சொல்கிறது. 'எதிர்முனையிலிருந்து, அண்ணா சாப்பிட்டியா என்று அநாவசியமாக வினவப்பட்டது.' ஐயோ, இதையும் ஒரு புகார் என்று எழுதினாரே! கட்டட உரிமையாளர் விசாரித்தபோது, "மறந்துட்டேன் சார்" என்றீர்களாம். ஆயிரம் எண்களை மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு அன்றைக்கு மட்டும் மறதி! உங்கள் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் கண்டனம் ஏறியது.

ஓய்வு பெறும் வேளையில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். "மாலையெல்லாம் எதுக்குப்பா? அந்தச் சிவப்பு வரி இல்லாம வீட்டுக்குப் போகணும்" என்றீர்கள். புகார் கொடுத்தவரே திரும்பப் பெற்றால்தான் ஆகும் என்று உரிமையாளர் கைவிரித்தார். நாங்கள் மூன்றுமுறை போய்க் கேட்டோம். மூன்றுமுறையும் அண்ணன் காகிதக் கட்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

நேற்றுப் பிற்பகல், இம்மடலுக்காகத் தேதிகளைச் சரிபார்க்க உங்கள் அறைவாசலில் நின்றிருந்தேன். அண்ணன் படியிறங்கி வந்தார்.

"மேல் மாடிக்கு ஒரு லைன் குடுங்கம்மா."

"அப்படிக் குடுக்கக்கூடாதுங்க. ரூல் இருக்கு."

"தெரியும். அதான் லெட்டரோட வந்திருக்கேன்."

புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேசையில் வைத்தார். இரண்டுமுறை படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிய பிறகே இணைப்பைக் கொடுத்தீர்கள். அந்த நிதானத்தை என்னென்பது! நீல விளக்கு எரிந்தது. அவர் ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதோடு வைத்துக்கொண்டார். பிறகு, "சாப்பிட்டேன்டா... நீ சாப்பிட்டியா?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நீங்களோ முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, வேறு அழைப்புகளைக் கவனிப்பதுபோல் பாவனை செய்தீர்கள். அப்போது வேறு எந்த விளக்கும் எரியவில்லை, அக்கா.

எங்கள் குரல்களுக்கெல்லாம் வழிவிட்டுத் தம் குரலை எங்களுக்கே தந்தவரே! நோய்நொடியின்றி, நெடுநாள், நிம்மதியாக வாழ்க! இனி உங்கள் வீட்டில் மணி அடித்தால் எந்தத் தளம் என்று தேடாதீர்கள். அது உங்களுக்கே வந்த அழைப்பு. அநேகமாக நாங்களாகத்தான் இருப்போம்.

அன்பு மறவாத,
தரைத்தளப் பல் மருத்துவமனையார்
முதல் தள வழக்கறிஞர் அலுவலகத்தார்
இரண்டாம், மூன்றாம் தளத்தார் (ஒரே வரியில் கையொப்பமிட இடம் கேட்டார்கள், விட்டிருக்கிறோம்)