தெருவில் நின்ற தறிகளை வீடு சேர்த்த அபிதகுசாம்பாள் அம்மையாருக்கு

பட்டொளி வீசும் ஆரணிப் பதியின் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வளர்த்த பண்பின் பெட்டகமே! காகிதத்தில் கோடு கிழித்த காலத்திலும், கணினியில் கட்டளை எழுதிய காலத்திலும் கை நடுங்காத கண்காணிப்பாளரே! சினம் வந்தால் சிடுசிடுத்து, சிறிது நேரத்தில் சுக்குக் காபி வாங்கித் தந்து சமாதானம் பேசும் சீர்மிகு சீமாட்டியே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவரான அபிதகுசாம்பாள் அம்மையீர்! தங்களுக்கு எங்கள் தலைதாழ்ந்த வணக்கம்.

1974இல் வரைவாளராக இவ்வலுவலகத்தில் அடியெடுத்து வைத்து, 2008ஆம் ஆண்டு மே மாதக் கடைசி நாளாகிய இன்று வரைபடப் பிரிவின் கண்காணிப்பாளராகப் பணி நிறைவு பெறுகிறீர்கள். பாராட்டு மடல் என்றால் ஆற்றிய பணியை விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது மரபு. அங்கேதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. அம்மையீர், தாங்கள் என்ன பணி ஆற்றினீர்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் ஒழுங்காக விளங்கவில்லை.

மடல் எழுதப் பணிக்கப்பட்ட தலைமை எழுத்தர் தருமன், தங்கள் பக்கத்து இருக்கைக்காரரான வரைவாளர் குமரேசனை அழைத்துக் கேட்டார். "மேப்புல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால ஒரு வரி இருக்குது சார். பேரு, கதவு நம்பர், எல்லாம் அதுல இருக்கும். மேடம் செலக்ட்னு அடிச்சா காட்டும், அப்டேட்னு அடிச்சா மாறும்" என்றார் குமரேசன். எப்படி மாறும் என்று கேட்டதற்கு, "அதான் சார் பேஜாரு. எதை மாத்தணும்னு சரியா சொல்லலன்னா எல்லாத்தையும் மாத்திட்டு கம்முனு இருக்கும்" என்றார். அந்த விளக்கத்தோடு இம்மடலை எழுதத் தொடங்கியிருக்கிறோம். பிழையிருப்பின் பொறுத்தருள்க.

விளங்காத பணியை விளக்குவதைவிட, விளங்காமலே நாங்கள் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாண்டுகளுக்கு முன், வீட்டில் தறி வைத்திருப்போருக்குத் தறிக்கூடம் கட்டித் தரும் திட்டம் வந்தது. வரைபடத்தில் எந்த வீட்டுக்குள் தறி இருக்கிறதோ அந்த வீட்டுக்கே கூடம் என்றது மேலிடம். கணக்கெடுப்பாளர்கள் கையடக்கக் கருவியோடு தெருத்தெருவாகப் போய், தறி இருக்கும் இடத்தைப் புள்ளி புள்ளியாகப் பதிந்து வந்தார்கள். பட்டியலை அனுப்ப வேண்டிய நாளுக்கு முதல்நாள், "வீட்டுக்குள் இருக்கும் தறிகளைக் காட்டு" என்று நெசவாளர் தெருவுக்குத் தாங்கள் கட்டளை எழுதினீர்கள். கணினி ஒன்றையும் காட்டவில்லை. மறுபடி எழுதினீர்கள், மறுபடியும் வெறுமை. ஊருக்கே பட்டு கொடுக்கும் தெருவில் ஒரு தறிகூட இல்லை என்று சாதித்தது அந்த இயந்திரம். தட்டச்சர் சசிகலா வரைபடம் தலைகீழாக இருக்கிறதோ என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாங்களும் எங்களைப் போலவே விழித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். உள்ளூர எங்களுக்குச் சற்று ஆறுதலாகவே இருந்தது.

அந்த ஆறுதல் கெங்கம்மாள் வரும்வரைதான் நீடித்தது. கணவரை இழந்து, ஒற்றைத் தறியை நம்பி அத்தெருவில் வாழும் பெண்மணி அவர். அவர் வீட்டுத் தகரக் கூரை ஓட்டையாகி, மழை பெய்தால் தறிக்குழியில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் நெசவு நிற்கும். அடுத்த மழைக்குள் கூடம் கிடைக்கும் என்று காத்திருந்தவர் தங்கள் மேசைமுன் வந்து நின்றார். "இன்னா மேடம், எங்க தெருவுல தறியே இல்லன்னு சொல்றீங்களாமே? அப்ப ராவும் பகலும் நான் காலை ஆட்டிகினு குந்திகினு இருக்கறது எதுலயாம்?" என்று கேட்டார். ஆறடி உயர அதிகாரிக்கும் அசராத தாங்கள், அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று தங்கள் நாற்காலியை அவருக்குக் கொடுத்தீர்கள்.

மறுநாள் காலை தங்கள் டி.வி.எஸ். ஐம்பது வண்டி நெசவாளர் தெருவில் வழியில்லாமல் நின்றது. வழக்கம்போல் தெரு நெடுகப் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்ற வேண்டிய நெடுக்கு இழைகளை, நீட்டிக் கட்டி, வீட்டுக்கு இருவராக வெளியே நின்று இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜல்தியா முடிங்க, எனக்கு ஆபீசுக்கு லேட்டாவுது" என்று சத்தம் போட்டுவிட்டு, சட்டென்று வாயை மூடிக்கொண்டு பாவையே பார்த்தீர்களாம். கணக்கெடுக்க வந்தவர்களும் காலை வேளையில்தான் வந்திருந்தார்கள். நெசவாளர்கள் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்று விவரம் கேட்டு, அங்கேயே பொத்தானை அமுக்கியிருந்தார்கள். அத்தெருவின் தறிகள் அனைத்தும் நடுத்தெருவில் நின்றன! நாங்கள் எல்லோரும் தினமும் அந்தப் பாவைச் சுற்றிக்கொண்டுதான் அலுவலகம் வருகிறோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஓடி வந்து உட்கார்ந்தீர்கள். ஒவ்வொரு தறியையும் அருகிலுள்ள கட்டடத்துக்குள் நகர்த்தும்படி அப்டேட் எழுதினீர்கள். அத்தெருவில் நெடிய மதிலோடு ஒரு கல்யாண மண்டபம் இருப்பதை மறந்தீர்கள். கண்மூடித் திறப்பதற்குள் பெரும்பாலான தறிகள் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. அந்த நேரம் பார்த்து, அதே வரைபடத்தைத் தங்கள் திரையில் பார்க்கும் மேலிடத்திலிருந்து தொலைபேசி. "கல்யாண மண்டபத்துல எதுக்குங்க இத்தன தறி?" என்று அதிகாரி கேட்க, "கூறைப் பொடவை அவசரமா இருக்கும் சார்" என்று பதறிப்போய்ச் சொல்லிவைத்தார் சசிகலா. அன்று அவர் வாங்கிய திட்டும் தங்கள் பணிச் சிறப்புகளில் ஒன்றாகும்.

நல்லவேளையாக முன்னமே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தீர்கள். அதை மீட்டு, தறி விவரத்தில் உள்ள கதவு எண்ணும் வீட்டு விவரத்தில் உள்ள கதவு எண்ணும் எங்கே ஒன்றுபடுகிறதோ, அங்கே மட்டும் நகர்த்து என்று மாற்றி எழுதினீர்கள். இம்முறை அப்டேட்டுக்கு முன் செலக்ட் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு அமுக்கினீர்கள். புள்ளிகள் ஒவ்வொன்றும் தத்தம் வீட்டுக்குள் போய் அடங்கின. ஒரே ஒரு புள்ளி மட்டும் தெருவிலேயே நின்றது. அது கெங்கம்மாளுடையது. பாகப்பிரிவினையில் பின்கட்டு மட்டும் கிடைத்த அவருக்குத் தனிக் கதவு எண் கிடையாது.

பட்டியல் போக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. "ஒண்ணு தானேம்மா, போனா போவுது" என்றார் தொலைபேசியில் அதிகாரி. "அந்த ஒண்ணு வீட்டுலதான் சார் மழ ஒழுவுது" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் கருவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டீர்கள். கூட வந்த குமரேசன் சொல்லித்தான் மீதி எங்களுக்குத் தெரியும். தகரக் கூரையின்கீழ் கருவிக்குச் செயற்கைக்கோள் கிடைக்கவில்லை. முற்றத்துக்குப் போனால் அது கெங்கம்மாளின் மைத்துனர் பச்சையப்பன் பங்கு. புள்ளி அவர் பெயரில் விழுந்துவிடும். கருவியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றினீர்கள். கடைசியில் தறிக்கு நேர் மேலே இருந்த கூரை ஓட்டையின்கீழ் நின்றபோது கிடைத்தது. மழை வந்த வழியாகவே செயற்கைக்கோளும் வந்து சேர்ந்தது. திரும்பி வந்து, கெங்கம்மாளின் தறி எண்ணை மட்டும் குறிப்பிட்டு ஒற்றை வரி அப்டேட் எழுதினீர்கள். புள்ளி நகர்ந்தது. பட்டியல் போனது. அந்த மழைக்காலத்தில் கெங்கம்மாள் புதுக் கூடத்தில் நெய்தார். நாங்கள் கைதட்டினோம், இப்போதும் ஏன் நகர்ந்தது என்று புரியாமலே.

அம்மையீர்! தங்கள் பொறுமையைப் புகழ வேண்டும், இருந்திருந்தால் புகழ்ந்திருப்போம். இல்லாத பொறுமையை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் எங்களோடு காலம் தள்ளினீர்களே, அந்தப் பெருந்தன்மைக்கு ஈடேது! தாங்கள் இல்லாத இவ்வலுவலகத்தை நினைக்க எங்களுக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை, பந்தல் கட்டிக்கொண்டிருந்தபோது கெங்கம்மாள் வந்தார். தாங்கள் அப்போது கோப்புகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தீர்கள். தங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தருமனிடமே கேட்டார். "ஏன் சார், அம்மா ரிட்டயர் ஆயிட்டா என் தறி மறுபடியும் தெருவுக்கு வந்துடுங்களா?"

வராது என்று தருமன் சொன்னார். அவர் நம்பிப் போனார். போனதும் நாங்கள் எல்லோரும் தங்கள் கணினியைச் சூழ்ந்து நின்றோம். குமரேசன் தடுமாறித் தடுமாறி ஒரு செலக்ட் எழுதினார். ஒரு வரி வந்தது. கெங்கம்மாளின் தறி வீட்டுக்குள்தான் இருந்தது. எதையும் தொடாமல் அணைத்துவிட்டு வந்தோம்.

ஆகவே அம்மையீர், தாங்கள் நோயின்றி, நொடியின்றி, கண்பார்வை குன்றாமல், நூறாண்டுக்கு மேலும் வாழ வேண்டும். வெளியூர் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போய்விடக் கூடாது. கெங்கம்மாளுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு தங்களை நம்பிக் கொடுத்தது.

இவண்,
திரைமுன் திகைத்து நிற்கும்
தங்கள் அலுவலகப் பணியாளர்கள்,
ஆரணி.