ஏழாம் சென்சாருக்குப் புதிய பூஜ்யம்

இந்த விசாரணை அறையின் மின்விசிறி ஆடுகிறது. நீங்கள் அடிக்கடி மேலே பார்க்கிறீர்கள். விழாது. ஆடுவதெல்லாம் விழுந்துவிடும் என்று நினைப்பவர்களோடுதான் இருபது வருடமாக மாரடித்தேன்.

பழைய ஆற்றுப்பாலத்தில் முப்பத்திரண்டு சென்சார்களைப் பொருத்தியவன் நான். பாலம் எவ்வளவு தொய்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை என் மேசைக்குச் செய்தி அனுப்பும். இன்னும் பதினைந்து வருடம் தாங்கும் என்று அறிக்கை எழுதினேன். மேலதிகாரிகள் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். படித்திருந்தாலும் புரிந்திருக்காது.

பராமரிப்பு மேஸ்திரிக்குத்தான் பொறுக்கவில்லை. எட்டாவதைத் தாண்டாதவர்.

"மூணாவது தூண் பக்கம் நடந்தா காலுக்கே தெரியுது சார். முன்ன இப்படி இல்ல."

"உங்க காலு எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லுது?" என்றேன். அலுவலகமே சிரித்தது. பாலத்துக்கு நோவென்றால் இவர் காலுக்குத் தெரியுமாம்; தென்னைமரத்தில் தேள் கொட்டப் பனைமரத்தில் நெறி கட்டிய கதை.

அவர் விடவில்லை. தூணின் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையுமாம். அவர் அப்பன் காலத்து வித்தை. ஒன்பதாம் நாள் உடைந்த துண்டுகளைக் கைக்குட்டையில் கட்டிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அன்று திங்கட்கிழமை. காலையில்தான் மூன்றாம் தூணருகே இருக்கும் ஏழாம் சென்சார் எல்லையைத் தாண்டியிருந்தது.

எல்லை தாண்டினால் கணினி ஒரு கேள்வி கேட்கும்: கருவிக் கோளாறா? ஆம் என்றேன். அப்படிச் சொன்னால், பாலம் அன்று இருக்கும் இடத்தையே புதிய பூஜ்யமாக வைத்துக்கொள்ளலாம். பழைய தொய்வு கணக்கில் வராது. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் அதையே செய்தேன், மொத்தம் பதினொரு முறை. திரையில் கோடு ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஒரு கண்ணாடித் துண்டுக்காகப் பாலத்தை மூடினால், அப்புறம் என் படிப்பு எதற்கு, நான் எதற்கு? நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டாவது திங்களுக்கு நான் காத்திருந்தேன். அதற்கு முந்தைய வியாழன் காலை எட்டரைக்கு மூன்றாம் தூணுக்கு மேல் பாலம் உடைந்து, ஒரு பேருந்தோடு ஆற்றில் விழுந்தது. பத்தொன்பது பேர் என்கிறார்கள். மேஸ்திரியும் அடியில்தான் இருந்தார், இன்னொரு கண்ணாடியை ஒட்டிக்கொண்டு. பிடிவாதக்காரர். போகாதே என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை, நானும்தான்.

கருவியில் கோளாறு இல்லை என்று எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். இரண்டாவது திங்கட்கிழமையே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அன்று மாலை மனைவியிடம், இனிப் பிள்ளைகளைச் சுற்றுப்பாதையில் பள்ளிக்கு அழைத்துப் போகச் சொன்னேன்.

"அரை மணி நேரம் கூட ஆகுமேங்க," என்றாள்.

ஆகட்டும் என்றேன். அதைப் பயம் என்று எழுதிவிடாதீர்கள். பாலத்தின் மேல் தூசி அதிகம். சின்னவளுக்கு மூச்சிரைப்பு உண்டு.